ஊசி நுனி நினைத்த இடத்தில் நிற்க: சி-ஆர்ம் பார்த்து முதுகில் ஊசி போடுபவர்களுக்குச் சில கணக்குகள், சில பழக்கங்கள்

தோலிலிருந்து 10 செ.மீ. ஆழத்தில் இருக்கிற இலக்கை நோக்கிப் போகும் ஊசி 1 டிகிரி சாய்ந்தால் நுனி 1.75 மி.மீ. விலகும். 3 டிகிரி சாய்ந்தால் 5 மி.மீ.க்குச் சற்று மேல். 5 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 9 மி.மீ. இடுப்பில் நரம்பு வேர் வெளியே வருகிற துளையின் அகலமே சுமார் 1 செ.மீ.தான். கைக்குத் தெரியாத சாய்வு, உள்ளே போனதும் வேறு ஊர். ஆழத்தில் போன ஊசியைத் திருத்தப் படுகிற பாடு இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்: இழு, திருப்பு, மறுபடி குத்து, நோயாளி முனகுவார், ஸ்க்ரீனிங் (தொடர்ந்து ஓடும் எக்ஸ்ரே) நேரம் கூடிவிட்டது என்று மணி அடிக்கும். இதில் பெரும்பகுதி தோலைத் தொடுவதற்கு முன்னால், படத்தை நிறுத்துகிற கட்டத்திலேயே நடந்து முடிந்த தவறு. அதனால் கீழே சொல்லப்போவதில் கிட்டத்தட்ட பாதி ஊசியைப் பற்றியே இல்லை.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று தமிழ்நாடு-கேரள எல்லையின் இரு பக்கமும் உள்ள நடுத்தர ஆஸ்பத்திரிகளை மனதில் வைத்து எழுதியது. அங்கெல்லாம் வலி ஊசிகளுக்கென்று தனி அறை (பெயின் சூட்) கிடையாது. எலும்பு முறிவுக்கு வாங்கிய சி-ஆர்ம்தான் (சி வடிவக் கையில் சுழலும் எக்ஸ்ரே எந்திரம்) இதற்கும். ஏற்கெனவே பயிற்சி எடுத்தவர்களுக்கான குறிப்பு இது. இதைப் படித்துவிட்டு முதல் ஊசியை யாரும் போட வேண்டாம்.

எந்த எலும்பு?

துல்லியமாகப் போட்ட ஊசி தப்பான மட்டத்தில் இருந்தால் அதைவிடப் பெரிய தப்பு இல்லை. இடுப்பில் 5 முள்ளெலும்பு (எல்1 முதல் எல்5), அதற்குக் கீழே சேக்ரம் என்ற ஒட்டிய எலும்பு (அதன் முதல் துண்டு எஸ்1) என்பது பொதுவான கணக்கு. சிலருக்கு எல்5 சேக்ரத்தோடு ஒட்டியிருக்கும்; சிலருக்கு எஸ்1 பிரிந்து ஆறாவது போல நிற்கும். எம்.ஆர்.ஐ. எழுதியவர் மேலிருந்து எண்ணியிருப்பார், நாம் சி-ஆர்மில் கீழிருந்து எண்ணுவோம். ரிப்போர்ட்டில் ‘எல்4-5’ என்று இருப்பது நம் படத்தில் எல்5-எஸ்1 ஆகிவிடும். திருவனந்தபுரத்தில் ஸ்கேன் எடுத்து இங்கே வருகிற நோயாளி பெரும்பாலும் ரிப்போர்ட் தாளை மட்டும்தான் கொண்டு வருவார். ஃபிலிமோ சிடியோ இல்லாமல் தேதி கொடுக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவே. எம்.ஆர்.ஐ.யின் பக்கவாட்டுப் படத்தில் நோயுள்ள டிஸ்க், சேக்ரத்திலிருந்து எத்தனையாவது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மேஜையில் சி-ஆர்மை மேலே நகர்த்தி, கடைசி விலா எலும்பு ஒட்டியிருக்கிற டி12-ஐ (மார்பின் கடைசி முள்ளெலும்பு) பார்த்துக் கீழே எண்ணி வாருங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் பெயரை விட்டுவிட்டு, ‘சேக்ரத்துக்கு மேல் இரண்டாவது டிஸ்க்’ என்று வடிவத்தை வைத்துப் பேசுங்கள். கேஸ் ஷீட்டிலும் அப்படியே எழுதுங்கள். அடுத்த தடவை போடுபவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.

மேஜை, எந்திரம், தூக்குக்குண்டு

எலும்பு தியேட்டர் மேஜையில் இரண்டு தொல்லை. ஓரத்து இரும்புச் சட்டம், சாய்வுப் படம் எடுக்கும்போது குறுக்கே வரும். நடுவில் உள்ள தூண், சி-ஆர்மைத் தலைப் பக்கமோ கால் பக்கமோ சாய்க்க விடாது. நோயாளி வருவதற்கு முன், வெறும் மேஜையில் சி-ஆர்மை இரு பக்கமும் 35 டிகிரி வரை சுழற்றிப் பாருங்கள். எங்கே தட்டுகிறதோ அதற்கேற்பப் படுக்கை விரிப்பை மேலோ கீழோ நகர்த்துங்கள். குப்புறப் படுத்தவரின் அடிவயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை. இடுப்பின் உட்குழிவு குறைந்தால் டிஸ்க் இடைவெளியும் லாமினா (முள்ளெலும்பின் பின்தகடு) இடைவெளியும் திறந்துகொள்ளும். இடுப்பு இரண்டு பக்கமும் ஒரே உயரமா என்று பின்னால் நின்று கண்ணால் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கி இருந்தால் அன்று முழுக்க எந்திரத்தின் டிகிரி எண்கள் பொய் சொல்லும்.

எண்களே பொய்யாக இருப்பதும் உண்டு. பழைய சி-ஆர்மில், அதுவும் வாடகைக்கு வந்து போகிற எந்திரத்தில், ‘0’ என்று காட்டினாலும் கதிர் செங்குத்தாக இருக்காது. கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டு போதும், சரிபார்த்துவிடலாம். மெல்லிய கம்பியில் குண்டைக் கட்டி, மேலே இருக்கிற இன்டென்சிஃபையரின் (படத்தை வாங்கும் பெரிய தலை) நடுவிலிருந்து தொங்கவிடுங்கள். ஆட்டம் நின்றதும் ஒரு படம். கதிர் செங்குத்தாக இருந்தால் கம்பி, குண்டின் நடுவில் ஒரு பொட்டாக மட்டும் தெரியும். சாய்ந்திருந்தால் கோடாக நீளும். அது பொட்டாகும்வரை ஆர்மைத் திருப்பி, அப்போது அளவுகோல் காட்டும் எண்ணை டேப்பில் எழுதி எந்திரத்தில் ஒட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்டென்சிஃபையர் வகை எந்திரத்தில் படத்தின் ஓரம் வளைந்து தெரியும். ஆர்மைச் சுழற்றினால் பூமியின் காந்தப்புலத்தால் அந்த வளைவும் மாறும். ஃபிளாட் பேனல் எந்திரத்தில் இந்த வளைவு கிடையாது. ஆனால் கதிர் விரிந்து போவதால் வரும் இடப்பிசகு இரண்டிலும் உண்டு. ஆகவே இலக்கு எப்போதும் திரையின் நட்டநடுவில் இருக்க வேண்டும். ஓரத்தில் இருக்கிற இலக்கை ‘தெரிகிறதே, போதும்’ என்று குத்தினால் சாய்வான கதிரின் வழியே குத்துகிறீர்கள் என்று பொருள். ஆர்மை நகர்த்தச் சோம்பல்பட்டுத் தவறுகிற ஊசிகளே அதிகம்.

பேச்சில் ஒரு ஒப்பந்தம்

டெக்னீஷியனுக்கு இடுப்பு எலும்பு ஆணி போடும்போது எடுக்கிற ஏ.பி.யும் (நேர்ப்படம்) லேட்டரலும் (பக்கவாட்டுப் படம்) அத்துப்படி. ‘கிரேனியல் டில்ட்’ (தலைப் பக்கச் சாய்வு) என்றால் ஒருவர் இன்டென்சிஃபையரைத் தலைப் பக்கம் சாய்ப்பார், இன்னொருவர் கதிர் விடுகிற ட்யூபைச் சாய்ப்பார். இரண்டும் நேர் எதிர். ஒரு வார்த்தையை முடிவு செய்யுங்கள்: எப்போதும் மேலே இருக்கிற பெரிய தலையைப் பற்றித்தான் பேச்சு. ‘தலைப் பக்கம் 5’, ‘கால் பக்கம் 10’, ‘என் பக்கம் 20’, ‘உங்க பக்கம் 20’. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்ப்பவருக்கும் தலை, கால் இரண்டும் புரியும். எங்கள் பக்கத்தில் சோற்றுத் தட்டைக்கூட ‘தெற்கே நகட்டு’ என்பார்கள். தியேட்டருக்குள் அது வேண்டாம், மேஜையைத் திருப்பிப் போட்ட அன்று தெற்கு வடக்காகிவிடும். ‘சுழற்று’ என்பது ஆர்மை, ‘தள்ளு’ என்பது வண்டியை. ஒவ்வொரு அசைவுக்குப் பிறகும் பிரேக் போட்டதை டெக்னீஷியன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நோயாளியோடும் ஒப்பந்தம் வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரப்பர் மரத்துக்குக் குனிந்து குனிந்து பால் வெட்டினவர், கரைமடி (கரைவலை) இழுத்தவர், அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலை) நாள் முழுக்கக் குந்தியிருந்தவர் எல்லாம் வலியைத் தாங்குவார்கள். ஆனால் நரம்பில் பட்டால் துள்ளுவார்கள். ‘ஷாக் அடிச்ச மாதிரி காலுக்கு ஓடினா அனங்காதீங்க, வாயால சொல்லுங்க’ என்று முன்பே சொல்லுங்கள். ‘அனங்காதீங்க’ (அசையாதீங்க) என்றால் மலையாளம் பேசுபவருக்கும் புரியும். அவர்கள் ‘தரிப்பு’ என்றால் மரத்துப்போவது, கூச்சம். ‘கடச்சில்’ என்றால் உள்ளே குடைகிற வலி. ஊசி உள்ளே இருக்கும்போது தரிப்பு காலுக்கு ஓடினால் நிறுத்துங்கள், 2 மி.மீ. பின்வாங்குங்கள். வெறும் கடச்சில் என்றால் படத்தைப் பார்த்துத் தொடரலாம். இதனால்தான் நோயாளியை ஆழ்ந்து தூங்கவைத்துவிட்டு இந்த ஊசிகளைப் போடக் கூடாது. நரம்பில் படுவதைச் சொல்ல அவரைவிட்டால் ஆள் இல்லை.

படத்தைச் சதுரமாக்குதல்

எடுத்துக்காட்டாக எல்4-5 மட்டத்தில் நரம்புத் துளை ஊசி. முதலில் நேர்ப்படம். திரையில் முதுகெலும்பு செங்குத்தாக நிற்கும்படி படத்தைத் திருப்புங்கள். முள் நுனி இரண்டு பெடிக்கிள்களுக்கும் (முள்ளெலும்பின் உடலைப் பின்பகுதியோடு இணைக்கும் தண்டுகள்) சரி நடுவில் வரும்வரை ஆர்மை லேசாகச் சுழற்றுங்கள். முதுகு கோணியவருக்கு ஒவ்வொரு மட்டத்துக்கும் இது மாறும். எல்3-க்குச் சரியாக வைத்த கோணம் எல்5-க்கு உதவாது.

அடுத்தது தட்டுகள், அதாவது முள்ளெலும்பு உடலின் மேல், கீழ்ப் பரப்புகள். எல்4-ன் மேல்தட்டுக்கு முன் விளிம்பு, பின் விளிம்பு என்று இரண்டு கோடு தெரியும், நீள்வட்டம் போல. பெரிய தலையைத் தலைப் பக்கமோ கால் பக்கமோ சாய்க்கச் சாய்க்க அந்த நீள்வட்டம் ஒடுங்கி ஒரே கூர்மையான கோடாகும். இதைச் செய்யாமல் சாய்வுப் படத்துக்குப் போவதுதான் புதியவர்களின் வழக்கமான தவறு. தட்டு சதுரமாகாவிட்டால் பெடிக்கிளின் அடியில் குறித்த புள்ளி உண்மையில் டிஸ்குக்கு நேராகவோ பெடிக்கிள் எலும்புக்கு நேராகவோ இருக்கும்.

பிறகு ஊசி போடும் பக்கமாக 20 முதல் 30 டிகிரி சுழற்றினால் அந்தப் புகழ்பெற்ற நாய்க்குட்டி தெரியும்: மூக்கு பக்கக் கொம்பு, கண் பெடிக்கிள், காது மேல் மூட்டுக்கொம்பு, முன்னங்கால் கீழ் மூட்டுக்கொம்பு. எல்5-ன் காது நுனி, எல்4-ன் கண்ணை 6 மணி முள் மாதிரி கீழிருந்து சுட்டுகிற இடத்தில் ஆர்மை நிறுத்துங்கள். டிகிரி எண்ணைப் பார்த்து நிறுத்த வேண்டாம், படத்தைப் பார்த்து நிறுத்துங்கள். இலக்கு, எல்4 கண்ணின் 6 மணிக்கு நேர் கீழே, எலும்பைத் தொட்டும் தொடாமலும். இந்த இடத்தை திரையின் நடுவுக்குக் கொண்டுவந்து, ஓரங்களை ஷட்டரால் மூடிவிடுங்கள். படம் தெளிவாகும், சிதறல் கதிரும் குறையும்.

எல்5-எஸ்1 தனிக் கதை. டிஸ்க் முன்பக்கம் சரிந்து கீழே போவதால் பெரிய தலையைத் தலைப் பக்கம் நன்றாகச் சாய்க்க வேண்டியிருக்கும். சாய்வுப் படத்தில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு குறுக்கே வந்து மறைக்கும். அப்போது சுழற்றுவதைக் குறைத்து, தலைப் பக்கச் சாய்வைக் கூட்டினால் இலியம் (அந்த இடுப்பெலும்பு), காது, பெடிக்கிள் மூன்றுக்கும் நடுவில் ஒரு சின்ன முக்கோண ஜன்னல் திறக்கும். ஜன்னல் கிடைக்காமல் குத்தத் தொடங்காதீர்கள்.

முதல் 2 செ.மீ.

ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் நுனியைத் தோல்மேல் வைத்து இலக்கின் மேல் விழும் இடத்தைக் குறியுங்கள். கை கதிருக்குள் வரக் கூடாது. மரத்துப்போகும் மருந்து 1 மி.லி., அதிகம் போனால் 2. தோல் உப்பும்படி ஏற்றினால் குறி நகர்ந்துவிடும். ஒரு சின்ன உத்தி: மருந்து போட்ட 1.5 இன்ச் ஊசியை அங்கேயே விட்டு ஒரு படம் எடுங்கள். அதன் அடிப்பாகமும் நுனியும் ஒன்றன்மேல் ஒன்றாக, பொட்டாகத் தெரிந்தால் அந்தப் பாதை சரி. சாய்ந்திருந்தால் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று காசு செலவில்லாமல் தெரிந்துகொண்டீர்கள்.

பிறகு 22 கேஜ், 3.5 இன்ச் ஸ்பைனல் ஊசி. பருமனானவருக்கு 5 இன்ச். அதைவிட மெல்லிய 25 கேஜ் வலி குறைவுதான், ஆனால் ஆழத்தில் மூங்கில் வளார் மாதிரி வளையும். கை பழகும்வரை 22 நல்லது. 1.5 முதல் 2 செ.மீ. உள்ளே போனதும் நிறுத்தி, கையை எடுத்துவிட்டு ஒரு படம். தசையில் ஊசி தானாக நிற்கிற ஆழம் இது, திருத்துவதற்கும் இதுதான் மலிவான ஆழம்.

படத்தை இப்படி வாசியுங்கள். ஹப் (ஊசியின் அடிப்பாகம்) ஒரு வளையமாகவும் அதன் நடுவில் ஊசி ஒரு பொட்டாகவும் தெரிந்து, அந்தப் பொட்டு இலக்கின்மேல் இருந்தால் நேராகத் தள்ளலாம். பொட்டு கோடாக நீண்டிருந்தால், நுனி எங்கே, ஹப் எங்கே என்று பாருங்கள். நுனி இலக்கின்மேல் இருக்கிறது, ஹப் வெளிப்பக்கம் சரிந்திருக்கிறது என்றால் பலரும் ‘நுனி சரியாத்தானே இருக்கு’ என்று தள்ளிவிடுவார்கள். தோலுக்கு 2 செ.மீ. கீழே நுனி இலக்கின் நேரே இருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் 6 செ.மீ. போனால் அது உள்பக்கமாக, தண்டுவடப் பையை நோக்கி ஓடியிருக்கும். ஹப்பை உள்பக்கம் கொண்டுவந்து வளையமாக்கிய பிறகே தள்ளுங்கள். நுனியும் ஹப்பும் ஒன்றாக இருந்து, இரண்டுமே இலக்குக்கு வெளியே இருந்தால் சாய்த்து ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். வெளியே எடுத்து, அந்தத் தூரம் தள்ளிக் குத்துங்கள். இரண்டாவது குத்து, வளைந்த பாதையைவிட நோயாளிக்கு வலி குறைவு.

இடது கையின் மணிக்கட்டு நோயாளியின் முதுகில் ஊன்றியிருக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தோல் மட்டத்தில் ஊசியைப் பிடிக்கட்டும். வலது கை ஹப்பில். ஒரு தள்ளலுக்கு 5 மி.மீ., பிறகு ஒரு படம். தள்ளும்போது ஸ்டைலட் (ஊசிக்குள் இருக்கும் கம்பி) உள்ளேயே இருக்க வேண்டும்.

நாட்ச் எந்தப் பக்கம்?

ஸ்பைனல் ஊசியின் நுனி ஒரு பக்கமாகச் சீவியது. சீவிய முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, தசை அதை அழுத்தி எதிர்ப்பக்கம் தள்ளும். ஹப்பில் உள்ள நாட்ச் (சின்ன வெட்டுக்குறி) சீவிய முகத்தின் பக்கம் இருக்கும். ஆகவே ஊசி நாட்சுக்கு எதிர்ப்பக்கம் ஓடும். நுனி உள்பக்கம் போக வேண்டுமா, நாட்சை வெளிப்பக்கம் திருப்புங்கள். தலைப் பக்கம் போக வேண்டுமா, நாட்ச் கால் பக்கம். நேராகவே போக வேண்டுமென்றால் ஒவ்வொரு 5 மி.மீ.க்கும் நாட்சை அரைச் சுற்றுத் திருப்பிக்கொண்டே போனால் விலகல் ஒன்றையொன்று அடித்துவிடும்.

இந்த இயல்பைக் கூட்ட, நுனியின் கடைசி 5 மி.மீ.யை 10 முதல் 15 டிகிரி வளைத்துக்கொள்ளலாம். ஸ்டைலட் உள்ளே இருக்கும்போது, விரல் படாமல், ஸ்டெரைல் காஸ் துணியால் பிடித்து, நாட்சுக்கு எதிர்ப்பக்கமாக வளையுங்கள். சீவலும் வளைவும் ஒரே திசையில் இழுக்கும். நாட்ச் பக்கமாகவே வளைத்தால் ஒன்று இழுக்க, இன்னொன்று தள்ள, ஊசி எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 15 டிகிரிக்கு மேல் வளைத்தால் ஸ்டைலட் உருவும்போது மாட்டும்.

ஆழத்தில், அதாவது 4 செ.மீ.க்குக் கீழே போன பிறகு ஹப்பைச் சாய்த்துத் திருத்த முடியாது. தசைப் பட்டை ஊசியை இறுக்கிப் பிடித்திருக்கும். ஹப் சாயும், ஊசி நடுவில் வில்லாக வளையும், நுனி அசையாது; கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பும். 1.5 அல்லது 2 செ.மீ. பின்னிழுத்து, நாட்சைத் திருப்பி, மறுபடி தள்ளுங்கள். விலகல் 5 மி.மீ.க்கு மேல் என்றால் தோல் வரைக்கும் வந்துவிடுவதே நேரம் மிச்சம்.

இரண்டாவது கோணம்

சாய்வுப் படத்தில் அழகாகப் பொட்டாகத் தெரிகிற ஊசி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அந்தப் படம் சொல்லவே சொல்லாது. எலும்பு தட்டும் என்று நம்பிப் போகிறவர்களை டிஸ்க்கோ வயிறோ வரவேற்கும். ஊசி பாதி ஆழம் போனதும் லேட்டரல். நுனி, துளையின் பின் விளிம்பை எட்டியதும் நேர்ப்படம்: நரம்புத் துளை ஊசியில் நுனி, பெடிக்கிளின் நடுக்கோட்டை, அதாவது 6 மணியைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. தாண்டினால் டியூரா (தண்டுவடப் பையின் உறை) பக்கத்தில் இருக்கிறீர்கள். லேட்டரலிலும் சதுரம் பார்க்க வேண்டும். இரு பக்க இடுப்பு விளிம்பும் பெடிக்கிள்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழாத லேட்டரல், லேட்டரலே இல்லை.

கழுத்துக்கும் மார்புக்கும் சேருகிற இடத்தில் லாமினா வழியாகப் போடும்போது தோள் மறைப்பதால் லேட்டரல் உதவாது. எதிர்ப்பக்கமாக 50 டிகிரி சுழற்றிய சாய்வுப் படத்தில் லாமினாக்கள் செங்கல் அடுக்கு மாதிரி தெரியும். அவற்றின் முன் விளிம்புகளை மனதில் ஒரு கோடாக இணைத்தால், நுனி அந்தக் கோட்டை ஒட்டி வரும்போதுதான் வெற்றிட உணர்வு கிடைக்க வேண்டும். இடுப்பில் இதே படத்துக்கு 45 டிகிரி. கோட்டை எட்டுவதற்கு ரொம்ப முன்னாலேயே ‘லாஸ்’ (அந்த வெற்றிட உணர்வு) கிடைத்தால் நம்பாதீர்கள், பெரும்பாலும் அது தசை இடுக்கு.

ஃபேசட் (முள்ளெலும்புகளின் பின்மூட்டு) நரம்பு பிளாக்கில் விலகலைவிட எண்ணிக்கைதான் பலரைக் கவிழ்க்கிறது. எல்4-5 ஃபேசட்டுக்கு வரும் நரம்புகள் எல்3-ம் எல்4-ம். அவை கடப்பது எல்4, எல்5 பக்கக் கொம்புகளின்மேல். நாய்க்குட்டியின் காதும் மூக்கும் சேருகிற மடக்கில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே நுனியை வையுங்கள். மருந்து 0.3 முதல் 0.5 மி.லி. மட்டும். 1 மி.லி. போட்டால் பக்கத்து நரம்பும் மரத்து, நோயறிதலே பொய்யாகிவிடும்.

முள்ளெலும்புக்குள் சிமென்ட் போடுகிற 11 அல்லது 13 கேஜ் ஊசிக்கு ஒரே ஒரு விதி, அதில் சலுகை கிடையாது. நேர்ப்படத்தில் இடது பெடிக்கிளில் 10 மணியில், வலதில் 2 மணியில் தொடங்குங்கள். லேட்டரலில் நுனி முள்ளெலும்பு உடலின் பின்சுவரைத் தாண்டும்வரை, நேர்ப்படத்தில் பெடிக்கிளின் உள்சுவரைத் தாண்டக் கூடாது. உள்சுவர் முதலில் வந்துவிட்டால் அந்த இடைவெளியில் தண்டுவடக் குழாய் இருக்கிறது.

டை

நுனி சரியாக இருப்பதைப் படம் காட்டும். நுனியின் வாய் எதற்குள் திறந்திருக்கிறது என்பதை டைதான் (எக்ஸ்ரேயில் தெரியும் சாயம்) காட்டும். இழுத்துப் பார்த்தேன், ரத்தம் வரவில்லை என்பது சாட்சி ஆகாது. மெல்லிய ரத்தக்குழாயின் சுவர் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும்.

குட்டி எக்ஸ்டென்ஷன் ட்யூபில் டையை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் தட்டி, கடைசிப் படத்துக்கு முன்பே ஹப்பில் மாட்டிவிடுங்கள். சிரிஞ்சை நேராக ஹப்பில் திருகினால் அந்தத் திருகலிலேயே நுனி 2, 3 மி.மீ. நகரும், இவ்வளவு பாடுபட்டதும் வீண். ஐயோஹெக்சால் 240 அல்லது 300, 1 முதல் 2 மி.லி., லைவ் ஸ்க்ரீனிங்கில் மெதுவாக. நரம்பை ஒட்டி வெளியேயும் பெடிக்கிளைச் சுற்றி உள்ளேயும் நின்று படர்ந்தால் எபிடியூரல் (டியூராவுக்கு வெளியே உள்ள இடம்). தோன்றி உடனே கரைந்து ஓடினால் ரத்தக்குழாய். இறகு மாதிரி கோடுகோடாகச் சாய்வாகப் பரவினால் தசை. சமமாக, தெளிந்த நீர் மாதிரி பரந்து மட்டம் கட்டினால் டியூராவுக்குள். அன்றைக்கு மருந்து வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. யூரோகிராஃபின் போன்ற அயனி வகை டை, சிறுநீரகப் படம் எடுக்க என்று பல தியேட்டர் அலமாரிகளில் இருக்கும். டியூராவுக்குள் போனால் அது உயிரைக் குடிக்கும். முதுகு ஊசி நடக்கிற அறையில் அந்தப் பாட்டில் இருக்கவே கூடாது. அயோடின் ஒவ்வாமை என்று சொல்லி காடோலினியத்தை (எம்.ஆர்.ஐ. டை) மாற்றாக எடுப்பதிலும் டியூராவுக்குள் போனால் நரம்பு மண்டல ஆபத்து உண்டு.

தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய தமனி பெரும்பாலும் இடப்பக்கம், டி9 முதல் எல்2 வரையில் ஏதோ ஒரு துளை வழியாக நுழையும். துகள் உள்ள ஸ்டீராய்டு அதற்குள் போனால் துகள் அடைத்துத் தண்டுவடம் செத்துப்போகும். கழுத்தில் நரம்புத் துளை வழியாகத் துகள் ஸ்டீராய்டு கூடவே கூடாது. இடுப்பிலும் முதலில் துகள் இல்லாத டெக்சாமெத்தசோன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களை இதய மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தச் சொல்லாதீர்கள். கேட்காமல் ஊசியும் போடாதீர்கள்.

சி.டி.யில் போடுபவர்களுக்கு

கோணத்தைத் திரையிலேயே அளக்கலாம் என்பது வசதி. ஊசி நகர்வதைத் தொடர்ந்து பார்க்க முடியாது என்பது குறை. பழைய கதீட்டரை 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, 1 செ.மீ. இடைவெளியில் பிளாஸ்டரில் ஒட்டி முதுகில் வைத்தால் கட்டம் தயார். கேன்ட்ரியின் (சி.டி. எந்திரத்தின் வளையம்) லேசர் கோடு விழும் தளத்திலேயே ஊசி முழுக்க இருக்க வேண்டும். நுனி ஒரு ஸ்லைஸிலும் ஹப் வேறு ஸ்லைஸிலும் இருந்தால், திரையில் தெரிகிற ‘நுனி’ உண்மையில் தண்டின் நடுப்பகுதி. ஊசி முடிந்து அதற்கு அப்பால் கறுப்பு நிழல் விழுகிற இடமே உண்மையான நுனி. மூச்சை எப்போதும் ஒரே அளவில், சாதாரணமாக விட்டபின் பிடிக்கச் சொல்லுங்கள். ஆழமாக இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் அளவு மாறும்.

கதிர்

ட்யூப் எப்போதும் மேஜைக்குக் கீழே, பெரிய தலை நோயாளிக்கு முடிந்த அளவு நெருக்கமாக. லேட்டரல் எடுக்கும்போது ட்யூப் பக்கம் நிற்காதீர்கள். பல்ஸ் முறையில் நொடிக்கு 8, முடிந்தால் 4. 1 மீட்டரில் நிற்பவர் 2 மீட்டருக்கு நகர்ந்தால் வாங்குகிற கதிர் கால்வாசி. வேலைக்கான வரம்பு, தொடர்ந்த 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது.

மணவாளக்குறிச்சி, மிடாலம் கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மோனசைட் மணலில் தோரியம் இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சே கூடுதல். டி.எல்.டி. பேட்ஜை (வாங்கிய கதிரை அளக்கும் பட்டை) சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் ஊர் மணலின் கதிரும் உங்கள் கணக்கில் ஏறும். வேலை முடிந்ததும் அதை ஆஸ்பத்திரியிலேயே, கன்ட்ரோல் பேட்ஜ் (ஒப்பிட வைத்திருக்கிற பேட்ஜ்) இருக்கிற இடத்தில் தொங்கவிடுங்கள்.

கறிக்கடை முதுகெலும்பு

கை பழக நோயாளி வேண்டாம். கறிக்கடையில் ஆட்டின் இடுப்புப் பகுதி முதுகெலும்பை வெட்டாமல் முழுசாகக் கேட்டு வாங்குங்கள். ஆட்டுக்கு இடுப்பில் பெரும்பாலும் 6 முள்ளெலும்பு, சிலதுக்கு 7. எண்ணிப் பழகவும் அது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் ஜெலட்டின். குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பிறகு சூடாக்கிக் கரையுங்கள், கொதிக்க விடாதீர்கள், இறுக்கம் குறையும். பிளாஸ்டிக் டப்பாவில் எலும்பை, முள் நுனி மேலே பார்க்கும்படி வைத்து, அதற்கு மேல் 6, 7 செ.மீ. நிற்கும் அளவுக்கு ஊற்றி, ஒரு இரவு குளிர்பெட்டியில். மேலே பழைய கையுறையை விரித்துக் கட்டினால் தோலாகிவிடும், ஊசி தெரியாது.

சி-ஆர்மில் வைத்துச் சதுரமாக்கி, நாய்க்குட்டியைத் தேடி (ஆட்டில் அது கொஞ்சம் ஒல்லி), ஒவ்வொரு துளைக்கும் ஊசியை விடுங்கள். நாட்சை வேண்டுமென்றே தப்பான பக்கம் திருப்பி எவ்வளவு ஓடுகிறது என்றும் பாருங்கள். கடைசியில் ஒவ்வொரு ஊசி வழியாகவும் 0.2 மி.லி. மெத்திலீன் ப்ளூ விட்டு, ஊசியை உருவி, ஜெலட்டினைக் கத்தியால் துண்டு போடுங்கள். திரையில் ‘சரி’ என்று சொன்ன ஊசிகளில் எத்தனை நீலம் துளைக்குள் இருக்கிறது, எத்தனை தசையில் இருக்கிறது என்று எண்ணி எழுதிவைத்து, அடுத்த வாரம் அதே கடையில் இன்னொரு துண்டு வாங்குங்கள்.